நின்றவை எல்லாம் மராமத்தால் நின்றவை

ரோம் நகரில் பாந்தியன் கோயிலும் கொலோசியம் விளையாட்டரங்கும் நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கின்றன. கொலோசியம் கி.பி. 80-இல் திறக்கப்பட்டது. பாந்தியன் இன்றைய வடிவில், ஹாட்ரியன் பேரரசர் காலத்தில், ஏறத்தாழ 125-இல் கட்டி முடிக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டுகூட இல்லை. அதே ஊர், அதே சுண்ணாம்பு, அதே எரிமலை மண், அதே மரபில் வந்த கொத்தனார்கள். ஆனாலும் பாந்தியன் தன் கூரையோடும் வெண்கலக் கதவோடும் முழுசாக நிற்கிறது. கொலோசியத்தின் தெற்குப் பக்கத்து வெளிச்சுவரைக் காணோம். மிஞ்சிய சுவரோ அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் ஓட்டை ஓட்டையாக நிற்கிறது.

ஏன் இந்த வேறுபாடு? ரோமானியரின் கட்டடங்கள் இத்தனை காலம் தாங்குவதற்கு அவர்களுடைய கான்கிரீட்தான் காரணம் என்று பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. அதில் உண்மை உண்டு. நீற்றாத சுண்ணாம்பைச் சூடாகக் கலந்ததால் கலவைக்குள் சிறு சுண்ணாம்புக் கட்டிகள் தங்கிவிடுகின்றன. பிறகு விரிசல் விட்டு நீர் இறங்கினால் அந்தச் சுண்ணாம்பு கரைந்து விரிசலைத் தானே அடைக்கிறது என்று 2023-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அந்தச் சுண்ணாம்பு கொலோசியத்திலும்தான் இருந்தது. கலவை மட்டுமே காத்தது என்றால் இரண்டும் ஒன்றுபோலத்தானே நிற்க வேண்டும்?

பாலங்களையும் மதகுகளையும் பராமரிக்கும் பொறியாளராக அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கட்டுமானத்தின் முன் போய் நின்றால் என் கண் முதலில் சிற்பத்தைத் தேடாது. மழைநீர் எங்கே விழுகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, எந்த இடுக்கில் செடி முளைத்திருக்கிறது, கடைசியாக யார் எப்போது பூசினார்கள் என்றுதான் தேடும். அந்தக் கண்ணோடு பழைய ரோமப் பேரரசின் மிச்சங்களைப் பார்த்துவந்தபின் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று. மராமத்துக்கு ஆள் இருந்த கட்டடங்கள் நின்றன. ஆள் போனதும் கட்டடமும் போனது. புராதனச் சின்னங்களைக் காக்க நாடுகள் இன்று செய்யும் செலவும் வகுக்கும் திட்டமும் இந்த எளிய உண்மையைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பது என் வாதம்.

கூரை போனபோது கூரை போட்டவர்கள்

பாந்தியனுக்குள் போகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். 43 மீட்டருக்கு மேல் அகலமான குவிமாடம். உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது. அடியில் கனமான கல்லும், மேலே போகப்போக இலேசான நுரைக்கல்லும் சேர்த்து வார்த்திருக்கிறார்கள். உச்சியில் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் அகலத்துக்கு வானம் தெரியும் திறப்பு. மழை பெய்தால் நேராக உள்ளே விழும்.

நான் குனிந்து தரையைப் பார்த்தேன். பளிங்குத் தளம் சமதளம் அல்ல. நடுவில் மிக இலேசாக மேடிட்டு ஓரங்களை நோக்கிச் சரிகிறது. திறப்புக்கு நேர் கீழே, தளத்தில் சிறு சிறு துளைகள். விழும் நீர் அவற்றின் வழியாக இறங்கி, அடியில் உள்ள பழைய வடிகாலில் சேர்ந்துவிடும். 1,900 ஆண்டுகளாக மழை பெய்யும் ஒரு கூடம் நீர் தேங்காமல் இருக்கிறது என்றால், அத்தனை காலமும் யாரோ ஒருவர் அந்தத் துளைகளில் அடைத்த தூசியை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்று பொருள். எந்தக் கலவையும் அந்த வேலையைச் செய்யாது.

அந்த ஆள் அங்கே எப்படி இருந்தார்? 609-இல் போகாஸ் பேரரசர் இந்தக் கோயிலைப் போப் நான்காம் போனிபாசுக்குக் கொடுத்தார். அது மாதா கோவிலானது. அன்றுமுதல் அங்கே தினமும் விளக்கேற்றவும் கதவு பூட்டவும் ஒழுகினால் கவலைப்படவும் ஆள் இருந்தது. 663-இல் ரோமுக்கு வந்த பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ், குவிமாடத்தின் மேல் வேய்ந்திருந்த பொன்முலாம் பூசிய வெண்கல ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டு போனார். கைவிடப்பட்ட கட்டடமாக இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் 735-இல் போப் மூன்றாம் கிரெகரி அந்த மாடத்துக்கு ஈயத் தகடு வேய்ந்தார். 17ஆம் நூற்றாண்டில் போப் எட்டாம் உர்பன் முகமண்டபத்து வெண்கலத்தையும் கழற்றினார். அப்போதும் கட்டடம் ஆளில்லாமல் விடப்படவில்லை. பாந்தியனைக் கொள்ளையடித்தவர்கள் உண்டு. ஆனால் கொள்ளைக்குப் பிறகு ஏணி போட்டு ஏறிச் சரிசெய்தவர்களும் உண்டு. கொலோசியத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

கல் எங்கே போனது?

கொலோசியத்தின் விளையாட்டுகள் நின்ற பிறகு அதற்கு நிலையான சொந்தக்காரர் இல்லை. 1349 நிலநடுக்கத்தில் தெற்குப் பக்கம் சரிந்தது. சரிந்த கல்லை எடுத்து மேலே வைக்க ஆள் இல்லை. எடுத்து வேறு இடத்தில் கட்ட ஆள் இருந்தது. பல நூற்றாண்டுகள் அது நகரத்தின் கல் குவாரியாகவே இருந்தது. கல்லோடு கல்லை இணைத்த இரும்புப் பட்டைகளைக்கூடத் தோண்டி எடுத்தார்கள். இன்று சுவரில் தெரியும் ஓட்டைகள் அந்த இரும்புக்காகப் போட்டவை. பளிங்கின் கதி இன்னும் மோசம். ரோம் முழுவதும் சுண்ணாம்புக் காளவாசல்கள் எரிந்தன. சிலைகளும் தூண்களும் அவற்றில் வெந்து சுண்ணாம்பாயின. பழைய பளிங்கைச் சுட்ட சுண்ணாம்பில்தான் புதிய ரோம் எழுகிறது என்று ஓவியர் ரஃபேல், போப் பத்தாம் லியோவுக்கு எழுதிய கடிதத்தில் மனம் நொந்து முறையிட்டார். அவர் அடக்கமாகியிருப்பது அந்தக் காளவாசலுக்குத் தப்பிய பாந்தியனில்.

இது ரோம் விழுந்த பிறகு வந்த பழக்கமும் அல்ல. டொமிஷியன் பேரரசர் புனித வீதியின் ஓரத்தில் மிளகுக் கிடங்கு ஒன்று கட்டினார். தென்னிந்தியக் கடற்கரையில் இருந்து கப்பலேறிப் போன மிளகு அங்கேதான் அடுக்கப்பட்டது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்சென்சியஸ் பேரரசர் அந்த இடத்தின் மேலேயே தன் மாபெரும் மண்டபத்தை எழுப்பினார். அந்த மண்டபமும் கேட்பாரற்றுப்போய்ச் சரிந்தது. அதில் மிஞ்சி நின்ற ஒரே பளிங்குத் தூணை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போப் ஐந்தாம் பவுல் பெயர்த்துச் சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்தின் முன் நிறுத்தினார். அந்தத் தூண் இன்றும் பழுதில்லாமல் நிற்கிறது. அதைத் தாங்கியிருந்த மண்டபத்தில் மூன்று வளைவுக் கூடங்களே மிச்சம். தூணுக்குப் புதிய வேலை கிடைத்தது, மண்டபத்துக்குக் கிடைக்கவில்லை.

ஜெர்மனியின் டிரியர் நகரம் இதற்கு இன்னும் தெளிவான சாட்சி. ரோமானியர் அங்கே நான்கு பெரிய கோட்டை வாசல்கள் கட்டினார்கள். மூன்று வாசல்களின் கல்லை ஊர்க்காரர்கள் பெயர்த்து வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான்காவது மட்டும் நிற்கிறது. கறுத்த மணற்கல்லால் ஆன அதைப் ‘போர்ட்டா நிக்ரா’, அதாவது கறுப்பு வாசல் என்கிறார்கள். அது ஏன் தப்பியது? 11ஆம் நூற்றாண்டில் சிமியோன் என்ற துறவி அதன் கோபுர அறை ஒன்றில் தன்னை அடைத்துக்கொண்டு தவமிருந்தார். 1035-இல் அவர் இறந்ததும் அந்த வாசலையே தேவாலயமாக்கினார்கள். தேவாலயத்தின் கல்லில் யாரும் கை வைக்கவில்லை. கட்டுமானத்தில் நான்கு வாசல்களும் உடன்பிறந்தவை. ஒன்றைக் காத்தது அதற்குள் குடிவந்த வாழ்க்கை.

எழுநூறு பேர்

ரோமானியர்களுக்கே இது நன்றாகத் தெரியும். 97-இல் ரோம் நகரின் குடிநீர்ப் பொறுப்பை ஏற்ற பிரண்டினஸ் ஒரு நூல் எழுதினார். நீர்க்கால்வாய்கள் பற்றிய அந்த நூலை என் தொழிலில் இருந்தவர்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்பேன். கால்வாய்ப் பணிக்கென்று இரண்டு பணிப்படைகள் இருந்ததை அவர் கணக்கோடு குறிக்கிறார்: ஒன்றில் 240 பேர், மற்றதில் 460 பேர். மேற்பார்வையாளர், நீர்த்தொட்டிக் காவலர், சுற்றிவந்து பார்ப்பவர், கல் பதிப்பவர், காரை பூசுபவர் என்று ஒவ்வொருவருக்கும் தனி வேலை. அவர்கள் அடிமைகள், அந்தக் கொடுமையை மறைத்துப் பேச முடியாது. அவர்களைச் செல்வாக்குள்ளவர்கள் தங்கள் சொந்த வேலைக்கு இழுத்துக்கொண்டு போனதையும் பிரண்டினஸ் பதிவு செய்கிறார். அதைத் தடுக்க, மறுநாள் வேலையை முந்தைய நாளே எழுதிக் கொடுப்பதும், அன்றன்று செய்ததைப் பதிவேட்டில் ஏற்றுவதுமாக ஒரு முறையைக் கொண்டுவந்தார். இதைப் படித்தபோது இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மேலதிகாரி ஒருவரின் குரலைக் கேட்டதுபோல் இருந்தது எனக்கு.

சட்டமும் இருந்தது. நீர்க்கால்வாயின் வளைவுகளுக்கும் சுவர்களுக்கும் இருபுறமும் 15 அடிக்குள் மரமோ கட்டடமோ இருக்கக் கூடாது. மீறினால் 10,000 செஸ்டர்ஸ் அபராதம். வேர்தான் காரைக்கட்டின் முதல் எமன் என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது.

அந்தப் பணிப்படை கலைந்த பிறகு என்ன ஆனது? 537-இல் ரோமை முற்றுகையிட்ட கோத்து இனப் படையினர் கால்வாய்களை வெட்டினார்கள். வெட்டுப்பட்டதைச் சரிசெய்ய ஆளும் பணமும் இல்லாததால் பல கால்வாய்கள் வயல்வெளியில் வளைவுகளாக மட்டும் மிஞ்சின. ஆனால் கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த ‘விர்கோ’ கால்வாயைப் போப்புகள் மீண்டும் மீண்டும் செப்பனிட்டார்கள். 1453-இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் செய்த பெரிய மராமத்து அவற்றில் ஒன்று. 1762-இல் முடிந்த திரேவி நீரூற்று அந்தக் கால்வாயின் வழித்தோன்றல்தான். ஸ்பெயினின் செகோவியாவில் சாந்தே இல்லாமல் கருங்கல் மேல் கருங்கல்லாக அடுக்கிய கால்வாய்ப் பாலமும் அப்படியே. போரில் இடிந்த வளைவுகளை 15ஆம் நூற்றாண்டில் மறுபடி எழுப்பினார்கள். ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்ததால் வந்த அக்கறை அது. குடிக்கும் தண்ணீர் நின்றால் மறுநாளே மேலே ஏறிப் பார்ப்பார்கள். வேடிக்கை பார்க்கும் பாலம் ஒழுகினால் யாருக்கு அவசரம்?

துப்புரவு என்ற பெயரில்

குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரத்தில் டயோக்ளிஷியன் பேரரசர் ஓய்வுக்காலத்துக்கென்று 305 வாக்கில் கட்டிக்கொண்ட அரண்மனை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பக்கத்து நகரமான சலோனா தாக்கப்பட்டபோது தப்பி வந்த மக்கள் அதற்குள் குடிபுகுந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அது ஊராகவே இருக்கிறது. தூண்களுக்கு இடையே சுவர் வைத்து வீடு. ரோமானிய வளைவுக்குள் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கொடியில் துணி. கிறித்தவர்களைக் கொடுமைப்படுத்திய பேரரசரின் சமாதி மண்டபம் இன்று கிறித்தவத் தேவாலயம்.

அந்த அரண்மனையின் அடித்தளக் கூடங்களில் நான் நெடுநேரம் நின்றேன். வளைவுகள் பொளியப்பட்ட அன்றுபோல் கூர்மையாக இருந்தன. காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும்: மேலே குடியிருந்தவர்கள் பல நூற்றாண்டுகள் தங்கள் வீட்டுக் குப்பையை அதற்குள்தான் கொட்டினார்கள். மண்ணும் குப்பையும் நிறைந்து கூடங்கள் அப்படியே இறுகிவிட்டன. 20ஆம் நூற்றாண்டில் அள்ளி எடுத்தபோது சுவர்கள் சேதமில்லாமல் வெளிவந்தன. மேலே பேரரசர் வாழ்ந்த அறைகள் மறைந்துபோனாலும், அவற்றைத் தாங்கக் கட்டிய இந்தக் கூடங்களின் அமைப்பை வைத்தே மாளிகையின் வரைபடத்தை ஆய்வாளர்கள் மீட்டார்கள். பாடநூலில் இருக்கும் எந்தப் பாதுகாப்பு முறையும் இதைத் திட்டமிட்டிருக்க முடியாது.

ஆனால் அந்த மாதிரி வாழ்க்கையைத்தான் கடந்த இருநூறு ஆண்டுகளாகப் ‘பழைமையைக் காக்கிறோம்’ என்று சொல்லி அகற்றிவருகிறோம். பிரான்சின் ஆர்ல் நகர வட்டரங்குக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளும் இரண்டு சிற்றாலயங்களும் கொண்ட ஓர் ஊரே இருந்தது. 1820-களில் அதைக் காலி செய்தார்கள். டிரியரின் கறுப்பு வாசலைக் காப்பாற்றிய தேவாலயத்தை நெப்போலியன் ஆணைப்படி இடித்தார்கள். சிரியாவின் பல்மைராவில் பேல் கோயில் முதலில் தேவாலயமாகவும் பின்பு மசூதியாகவும் இருந்தது. அதன் மதிலுக்குள் ஒரு கிராமம் வாழ்ந்தது. 1930 வாக்கில் பிரெஞ்சு ஆட்சியாளர்கள் அந்தக் கிராமத்தை வெளியே மாற்றினார்கள். தொல்லியல் சுத்தமாகத் தெரிய வேண்டுமாம்.

2015-இல் ஐ.எஸ். படையினர் பேல் கோயிலை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மக்கள் உள்ளே இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. அந்த வெறி மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை. பல்மைராவின் தொல்பொருள்களை நாற்பது ஆண்டுகள் கவனித்துவந்த காலித் அல்-அஸாத் என்ற முதியவரை அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் கொன்றார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஊரை விட்டுப் போகவில்லை. ஒரு சின்னத்துக்குக் காவல் என்றால் இப்படிப்பட்ட மனிதர்தான் நினைவுக்கு வர வேண்டும். அவர் கற்றது, அவர் விட்டுக்கொடுக்காதது, இரண்டும் அந்த ஊரில் வாழ்ந்ததால் வந்தவை. ஊரை விலக்கிவிட்டு வேலி மட்டும் போட்டால் அத்தகையவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

மறுப்புகளும் பதிலும்

பயன்பாடு கட்டடத்தைத் தேய்க்காதா என்று கேட்கலாம். தேய்க்கும். பிரான்சின் போன் து கார் நீர்ப்பாலத்தின் இரண்டாம் அடுக்குத் தூண்களை, வண்டி போக வழி வேண்டுமென்று ஒருகாலத்தில் குடைந்தார்கள், பாலமே ஆபத்துக்குள்ளானது. பிறகு குடைந்ததை அடைத்து, 1740-களில் பக்கத்திலேயே ஒட்டி வேறு பாலம் கட்டினார்கள். சரியான தீர்வு. ஸ்பெயினின் மெரிடாவில் இருக்கும் ரோமானியப் பாலம் 1991-இல் புதிய பாலம் வரும்வரை மோட்டார் வாகனங்களைத் தாங்கியது. இன்று நடப்பவர்களுக்கு மட்டும். தாங்கும் அளவுக்குப் பயன்படுத்துவது என்பது இதுதான். சுமையைக் குறைத்தார்கள், பாலத்தைக் கைவிடவில்லை.

ஆளே இல்லாமல் பிழைத்த ஊர்களும் உண்டல்லவா? உண்டு. அல்ஜீரியாவின் டிம்காதை மணல் காத்தது, பொம்பேயை எரிமலைச் சாம்பல் காத்தது. 79-இல் புதைந்த பொம்பேயை 1748 முதல் தோண்டினார்கள். தோண்டிய நாளிலிருந்து அது நம் பொறுப்பு. 2010 நவம்பரில், மழைக்குப் பிறகு, ‘கிளாடியேட்டர்களின் வீடு’ என்று அழைக்கப்பட்ட கட்டடம் மண்ணோடு மண்ணாகச் சரிந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சேதமான அந்தக் கட்டடத்துக்குப் பின்னர் கான்கிரீட் கூரை போட்டிருந்தார்கள். மென்மையான பழைய சுவரின் தலையில் கனமான புதிய கூரை. பின்னால் நீர் ஊறிய மண்ணின் தள்ளுதல். எந்த மராமத்துக்காரரைக் கேட்டாலும் முடிவைச் சொல்லியிருப்பார். அதன் பிறகே 105 மில்லியன் யூரோ செலவில் பெரும் திட்டம் வந்தது. சுவர்களை நிலைப்படுத்தினார்கள், தோண்டாத மேட்டுச் சரிவுகளுக்கு வடிகால் அமைத்தார்கள். நல்ல வேலை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் நீர் வடிவதற்கும் செடி பிடுங்குவதற்கும் செலவழித்திருந்தால் அந்த வீடு இன்று நின்றிருக்கும் என்றே நம்புகிறேன்.

பெரிய திட்டத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. சாக்கடை அடைப்பு எடுத்ததற்கு யாரும் விழா எடுப்பதில்லை. அதனால்தான் உலகெங்கும் அரசுகள் விழுந்த பிறகு கோடிகளை ஒதுக்குகின்றன. விழாமல் இருக்க ஆயிரங்களை ஒதுக்கத் தயங்குகின்றன. இந்தக் கோணலை நிமிர்த்தச் சில வழிகள் உண்டு.

முதலாவது, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஒரு சின்னம் இடம்பெற்றால், அதைப் பராமரிக்க நிரந்தர வேலையில் எத்தனை கொத்தனார், எத்தனை கல்தச்சர், எத்தனை துப்புரவுப் பணியாளர் இருக்கிறார்கள் என்பதும் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். பிரண்டினஸ் எழுதியதை நம்மால் எழுத முடியாதா? இரண்டாவது, பராமரிக்க வழியில்லாத வரை புதிதாகத் தோண்டக் கூடாது. பொம்பேயில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கிறது, அவசரம் ஒன்றுமில்லை. மூன்றாவது, சின்னங்களுக்குள் வாழும் மக்களை அங்கேயே வாழ வைக்க வேண்டும். ஸ்ப்ளிட் அரண்மனையின் வீடுகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலா வாடகை அறைகளாக மாறிவருகின்றன. சூட்கேஸோடு வந்து இரண்டு இரவு தங்குபவர் ஒழுகும் சுவரைப் பற்றி யாரிடம் சொல்வார்? பரம்பரையாக அங்கே வாழும் குடும்பங்களுக்கு வரிச் சலுகையும் வீட்டைச் செப்பனிட நிதியும் கொடுப்பது எந்தக் காவல்படையையும்விட மலிவான பாதுகாப்பு. நான்காவது, போர் நடக்கும் நாடுகளில் உள்ளூர்ப் பராமரிப்பாளரின் சம்பளம் நின்றுவிடாமல் உலக அமைப்புகள் பார்த்துக்கொள்ள வேண்டும். லிபியாவின் லெப்டிஸ் மாக்னாவையும் சப்ராதாவையும் 2016-இல் ஆபத்திலுள்ள சின்னங்கள் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு தேவைதான். ஆனால் அங்கே மணலைத் தள்ளி, சுவரைப் பார்த்து, திருடனைத் துரத்தும் ஆளுக்கு மாதம் பிறந்தால் கையில் பணம் கிடைப்பது அதைவிடத் தேவை.

பாந்தியனின் நெற்றியில் அக்ரிப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. இன்றைய கட்டடத்தைக் கட்டியவர் அவர்கூட அல்ல. கட்டியவர் புகழைக் கல் பார்த்துக்கொள்ளும். காப்பவருக்குக் கல்வெட்டு வேண்டாம். அவர் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும், அவருக்குப் பின் அந்த இடத்துக்கு இன்னொருவர் நியமிக்கப்பட வேண்டும். அடுத்த ஆயிரம் ஆண்டுக்கு ரோமின் மிச்சங்களைக் கொண்டுசெல்ல அரசுகள் நிதிநிலை அறிக்கையில் எழுத வேண்டிய முதல் வரி அதுதான்.